ஆறரை மணிக்குப் போன் பரீட்சை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. என் வீட்டில், என் கண்ணெதிரே, என் மகளுக்கு நடந்தது. "ரீல் விடாதீங்க" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் உட்காருகிறவள். காலையிலிருந்து மாலை வரை எல்லோரும் என்னிடம் கத்துவார்கள். நானும் திருப்பிக் கத்துவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "அடுத்த டோக்கன்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிற ரகம் நான்.

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம் அது. நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் ஏற்கெனவே ஒரு போன் இருந்தது. கறுப்பு நிறம், சுருள் வயர், கல்லு மாதிரி கனம். ஹாலில் ஒரு குட்டி மேஜைமேல் கிடந்தது. மாதத்தில் நாலு தடவை மணி அடித்தால் பெரிய விஷயம்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு ஆங்கில டீச்சர் வந்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் போன் மிஸ். பிள்ளைகள் வீட்டுப் போனில் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேச வேண்டும், அந்த அம்மாவுக்கு அதுதான் உயிர். பரீட்சையே போனில்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரம் குறித்துக்கொடுத்து, அந்த நேரத்துக்கு வீட்டுக்கே போன் போடுவார்.

அதற்கு ஆயிரத்தெட்டு சட்டம். "யாரு?" என்று கேட்கக் கூடாதாம். "மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?" என்றுதான் கேட்க வேண்டுமாம். "இருங்க" என்று சொல்லக் கூடாது, "ஒன் மொமன்ட், ப்ளீஸ்." கேட்ட எல்லாவற்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வைக்கும்வரை நாம் போனை வைக்கக் கூடாது. பெற்றோர் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் வாயைத் திறந்தால் மார்க் போச்சு.

"உங்க மிஸ்ஸுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன் பாப்பாவிடம்.

"போம்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின பரீட்சையில் திக்கித் திணறிவிட்டாள். மிஸ் அதை மறுநாள் சொல்லிக்காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை குழந்தை. அதனால் இந்தத் தடவை சபதம் போட்டுப் படித்தாள். குளிக்கும்போது "ஹோல்ட் தி லைன், ப்ளீஸ்." தூக்கத்தில் "வுட் யூ லைக் டு லீவ் எ மெசேஜ்?" எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. அதுதான் அவளுக்குக் கொடுத்த நேரம்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மாலை ஷிப்ட். வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் தலையை வழித்து வாரிக்கொண்டு போன் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். "போன்ல உன் தலை தெரியப்போகுதா?" என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆறு இருபதுக்கே மணி அடித்தது.

பத்து நிமிஷம் முன்னாடியே கூப்பிடுவது என்ன மரியாதையோ என்று நினைத்துக்கொண்டேன். பாப்பா மூச்சை இழுத்துவிட்டு எடுத்தாள்.

"ஹலோ, குட் ஈவினிங். மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?"

கொஞ்ச நேரம் கேட்டாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தாள். "வீட்டுலேருந்து பேசறாங்களாம்."

மிஸ் அவர் வீட்டிலிருந்து பேசுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பேசு, பேசு என்று கையைக் காட்டினேன்.

"நோ, மை ஃபாதர் இஸ் நாட் அட் ஹோம்... எஸ், மை மதர் இஸ் ஹியர்."

சபாஷ் என்று நினைத்தேன். திக்கவே இல்லை.

"மை மதர்ஸ் சாரி இஸ் ப்ளூ."

என் புடவை நிறம் எதற்கு? சரி, நிறங்களைப் பற்றிக் கேட்கிறார்கள் போலிருக்கிறது.

"ஷி இஸ் நியர் தி விண்டோ... நோ, ஷி இஸ் நாட் லுக்கிங் அட் மீ."

உண்மைதான். அந்த நிமிஷம் நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பினேன்.

"நவ் ஷி இஸ் லுக்கிங்" என்றாள் பாப்பா.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எஸ், வீ ஹாவ் எ பேக் டோர்... இட் இஸ் ஓப்பன்."

சமையலறைப் பின்கதவு. துணி எடுக்கப் போனவள் தாழ்ப்பாள் போடாமல் வந்திருந்தேன். இது என்ன பரீட்சை? திருடன்கூட இவ்வளவு விவரம் கேட்க மாட்டான். விடுவிடுவென்று போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்.

"எஸ்..." என்று பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள். "தேங்க் யூ. ப்ளீஸ் கம் இன்."

"என்னடி சொன்ன?" மார்க்காவது மண்ணாங்கட்டியாவது, கேட்டேவிட்டேன்.

அவள் பொத்திக்கொண்டாள். "பேசாதம்மா! கதவு சாத்தறதுக்குள்ள உள்ள வரலாமான்னு கேட்டான். வீட்டுக்கு வர்றவங்களை ப்ளீஸ் கம் இன்னு சொல்லணும், மிஸ் சொல்லியிருக்காங்க."

"கேட்டானா? மிஸ் இல்லையா?"

"மிஸ் இல்லம்மா. ஒரு பையன்."

அந்த அம்மா தன் பிள்ளையை விட்டுப் பேசவைக்கிறார், வேறென்ன. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ரிசீவரைப் பிடுங்கினேன்.

"டேய், யாருடா நீ?"

காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. டக்... டக்... டக்... ஒரு சுற்றுக்கு ஒரு டக்.

எங்கள் வீட்டுக் காற்றாடிக்கு அந்தக் கோளாறு உண்டு. ஆனால் ஹாலில் இருப்பதற்கு இல்லை. படுக்கையறையில் இருப்பதற்கு.

பிறகு ஒரு பையனின் குரல் கேட்டது. பத்து வயது இருக்கலாம். தேன் ஒழுகுகிற குரல்.

"குட் ஈவினிங், மேடம். மே ஐ ஸ்பீக் டு யுவர் டாட்டர், ப்ளீஸ்?"

"செருப்பு பிஞ்சிடும்! வைடா போனை!"

"மே ஐ ஸ்பீக் டு யுவர் டாட்டர், ப்ளீஸ்?"

அதே குரல்தான். கோபமும் இல்லை, பயமும் இல்லை. நான் திட்டியது அவன் காதிலேயே விழாத மாதிரி இருந்தது. ஓங்கி வைத்தேன்.

பாப்பா அழ ஆரம்பித்தாள். "வச்சிட்டியே! நாமளே வைக்கக் கூடாதும்மா! மார்க் போச்சு! உன்னாலதான்! எல்லாம் உன்னாலதான்!"

"போனாப் போகுது போடி!"

படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் போட்ட ஞாபகம் இல்லை. கையை மட்டும் உள்ளே நீட்டி சுவிட்சை அணைத்தேன். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி ஹாலுக்கு வருவதற்குள் மறுபடி மணி. நான் எட்டுவதற்கு முன்னால் பாப்பா பாய்ந்து எடுத்துவிட்டாள்.

"ஹலோ! ஐ ஆம் ஸாரி. மை மதர் வாஸ் ரூட்."

என்னைப் பற்றி அவனிடம் மன்னிப்பு கேட்கிறாள்!

"எஸ்... எஸ், ஐ கேன் கம்."

"எங்கடி வர்ற?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் அழுகை நின்றுபோயிருந்தது. "ஒன் மொமன்ட், ப்ளீஸ்" என்றாள். ரிசீவரை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். படுக்கையறைப் பக்கம் நடந்தாள்.

"பாப்பா!"

"ரூம்ல இருக்கானாம்மா. நேர்ல பேசினா முழு மார்க்காம்."

நான் அணைத்த காற்றாடி சுற்றியது.

டக்... டக்...

அறைக்குள்ளிருந்து கேட்டது. மேஜைமேல் கிடந்த ரிசீவரிலிருந்தும் கேட்டது.

கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்தால் கிரீச்சிடுமே... அந்தச் சத்தம்.

அறையிலும். ரிசீவரிலும்.

பாய்ந்து பாப்பாவை இடுப்போடு தூக்கினேன். திமிறினாள். உதைத்தாள். என் கையைக் கடித்தாள். என் பெண் என்னைக் கடித்தது அதுதான் முதல் தடவை. அப்படியே அவளை இழுத்துக்கொண்டு வந்து, ரிசீவரைத் தூக்கி அடித்துப் போனில் வைத்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

எல்லாம் நின்றது.

காற்றாடியும் நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஆறரை.

மணி அடித்தது.

வயர் என் கையில் இருந்தது... அதன் முனை என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

செருப்புகூடப் போடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தெருவில் பாதி தாண்டும்போது மணி நின்றது. அடித்து ஓயவில்லை. பாதியில் நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒரு மிக்ஸி ரிப்பேர்க்காரர் இருந்தார். தனிக்கட்டை. எங்கள் வாசலை மறித்து ஸ்கூட்டரை நிறுத்துவார். அதில் வந்த சண்டையில் நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு முன்னால் பேசியதும் பேச்சில்லை, ஏச்சுத்தான். அன்றைக்கு அவர் கதவைத்தான் இரண்டு கையாலும் தட்டினேன்.

"என்ன? வண்டியை எடுக்க முடியாது" என்று கத்திக்கொண்டே திறந்தார்.

"அண்ணே..." என்றேன். அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

என்னைப் பார்த்தார். பாப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். "உள்ள வா. சாமானை மிதிக்காத" என்றார்.

தரை முழுக்கக் கழற்றிப்போட்ட மிக்ஸிகள். தெருப்பக்க ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கிடந்தது. பாப்பாவை அதில் உட்காரவைத்தேன். எதிரே எங்கள் வீடு. ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே கேட்கக் கேவலமாக இருந்தது.

"பேய்க்கும் இங்கிலீஷ் சொல்லிக்குடுத்துட்டாங்களா?" என்றார். "ஏம்மா, திருடன் எவனாவது பூந்திருப்பான். இரு, போய்ப் பாத்துட்டு வரேன்."

"வேண்டாம் அண்ணே."

"என்ன வேண்டாம்?" அலமாரியைக் குடைந்து டார்ச் லைட்டைத் தேடினார். தேடத் தேட வாய் ஓயவில்லை. அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அவர் சுவரில் கடிகாரம் ஆறு நாற்பதைக் காட்டியது.

"இதோ வரேன்மா!"

பாப்பாதான். ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் வீட்டைப் பார்த்து.

"யாருக்குடி பதில் சொல்ற?"

கதவுப் பக்கம் நடந்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"அம்மா கூப்பிடறா" என்றாள்.

"நான் இங்க இருக்கேன்டி! அம்மா இங்க இருக்கேன்!"

தோளைப் பிடித்துத் திருப்பினேன். நிமிர்ந்து பார்த்தாள். கடைத்தெருவில் தெரியாத பொம்பளையைப் பார்க்கிற பார்வை. பிறகு மெல்லச் சிரித்தாள். மரியாதையாக.

"ஸாரி. மே ஐ நோ ஹூ யூ ஆர், ப்ளீஸ்?"

கை விட்டுப்போனது.

தாழ்ப்பாள் திறந்தது.

கதவு திறந்தது.

ஒரு கால் வாசலுக்கு வெளியே...

"ஏய்ய்ய்!"

மிக்ஸிக்காரர். தெருவே அதிரும்படி கத்தினார். கதவை உதைத்துச் சாத்தினார். "உக்காருன்னா உக்கார மாட்ட? எங்க போற? எவன் கூப்பிட்டாலும் போயிடுவியா? உக்காரு மூதேவி!"

பாப்பா தூக்கிப்போட்ட மாதிரி நடுங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். மிக்ஸிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா... இந்த மாமா திட்டறாரும்மா..." என்று ஓவென்று அழுதாள்.

எவனாவது என் பெண்ணை மூதேவி என்று சொன்னால் நாக்கை அறுத்திருப்பேன். அன்றைக்கு அந்த மனுஷன் காலில் விழலாம் போல இருந்தது. பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு நானும் அழுதேன்.

எதிரே எங்கள் ஹால் விளக்கு அணைந்தது.

மிக்ஸிக்காரர் அதைப் பார்த்தார். டார்ச்சைக் கீழே வைத்தார். வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் போட்டார்.

ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்ததும் இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. ஒரு பொருளும் போகவில்லை. ஆனால் வீட்டில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்து கிடந்ததாம். பீரோ, சமையலறை அலமாரி, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மூடி எல்லாம். நாங்கள் அந்த வீட்டில் அப்புறம் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம்.

பாப்பாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மிக்ஸி மாமா திட்டியது மட்டும்தான் ஞாபகம். திங்கட்கிழமை காலை அவளை அக்காவிடம் விட்டுவிட்டு நான் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போன் மிஸ்ஸை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வெறியில் போனேன். உன் பரீட்சையால்தானே என் பிள்ளை கண்டவனுக்கெல்லாம் பதில் சொன்னாள்? வழி முழுக்கத் திட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆசிரியர் அறையில் அவர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

"வாங்க மேடம், வாங்க! சனிக்கிழமை உங்க வீட்டுக்குப் பேசினதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"நீங்க எப்ப பேசினீங்க?"

"ஆறரைக்குத்தான். நேரம் தவற மாட்டேனே. உங்க பையன் எடுத்தான்."

"எனக்குப் பையன் இல்லை."

"அப்ப சொந்தக்காரப் பையனா? என்ன இங்கிலீஷ்! என்ன பணிவு! உங்க பொண்ணு இருக்காளான்னு கேட்டேன். 'ஒன் மொமன்ட், ப்ளீஸ். ஐ வில் லுக் ஃபார் ஹெர்'னு சொல்லிட்டுப் போனான். லைன்லயே இருந்தேன். ஒவ்வொரு கதவா திறந்து தேடறான், சத்தம் கேக்குது. பீரோவைக்கூடத் திறந்து பார்த்தான் போல. நல்ல பத்து நிமிஷம்."

"அப்புறம்?" என்றேன்.

"திரும்பி வந்தான். 'ஷி இஸ் இன் தி ஆப்போசிட் ஹவுஸ், மிஸ். ஐ கேன் சீ ஹெர். ஷல் ஐ கால் ஹெர் ஃபார் யூ?'ன்னு கேட்டான்."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? 'எஸ், ப்ளீஸ்'னு சொன்னேன். உடனே நீங்களே கூப்பிட்டீங்களே மேடம். இதே குரல்தான். 'பாப்பா, வாடி, வீட்டுக்கு வா'ன்னு. ரெண்டு தடவை கூப்பிட்டீங்க. அப்புறம் எங்கயோ ஒரு ஆள் கத்தற சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம்தான் அந்தப் பையன் மறுபடி லைனுக்கு வந்தான்."

அடுக்கி வைத்திருந்த திட்டு ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. மிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"'ஸாரி, மிஸ். ஷி இஸ் நாட் கமிங் டுடே. ஐ வில் கால் ஹெர் அகெய்ன்'னு சொன்னான். நான் வைக்கிறவரைக்கும் அவன் வைக்கவே இல்லை, மேடம். எவ்வளவு மரியாதையான பிள்ளை!"